ஐஸ் கழித்த எடை

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில்
மீன் எடை போடுவது என் வேலை.
பெட்டியோடு ஓர் எடை, ஐஸ் கழித்து ஓர் எடை,
குடல் எடுத்தபின் இன்னோர் எடை.
மூன்றும் உண்மைதான்.
எதற்குக் காசு என்பதில்தான் சண்டை.

படகுக் கழகச் செயலாளர் யுஸ்டினுஸ்
இரண்டு கேசட்டுகளை மேசையில் வைத்து
"ஒரே டிவிடியில் அடக்கிக் கொடு" என்றபோது
அடங்கும் என்றே நினைத்தேன்.
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, இரண்டும் சேர்த்துத்
தொண்ணூற்றேழு நிமிடம்.

கணினியில் இறக்கினேன்.
இருபத்தொரு ஜிகாபைட்.
வட்டின் உறையில் நாலு புள்ளி ஏழு.
அதே வட்டைக் கணினி
நாலு புள்ளி மூன்று எட்டு என்றது.
குறைத்து விற்கிறாயா என்று கடைக்குப் போய்க் கத்தினேன்.
உறையில் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள்,
உங்கள் கணினி ஆயிரத்து இருபத்துநாலாக எண்ணுகிறது
என்றான் பையன், தலை நிமிராமல்.
ஒரே மீன், இரண்டு தராசு.
எனக்கா தெரியாது?
காது சிவக்கத் திரும்பி வந்தேன்.

முதல் வட்டில்
நொடிக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கு வைத்தேன்,
பந்தியில் எல்லோருக்கும் ஒரே அகப்பை.
யுஸ்டினுஸின் உரை முப்பத்தெட்டு நிமிடம்:
மைக், டை, பின்னால் அசையாத திரைச்சீலை.
பளிங்குபோல் வந்தது.
பெண்கள் படகுப் போட்டி ஆறு நிமிடம்:
துடுப்பு விழுந்த இடமெல்லாம்
சதுரம் சதுரமாய் உடைந்தது கடல்.
ஆறு பெண்களும் செங்கல் குவியலைத்
தள்ளிக்கொண்டு போனார்கள்.

மொத்த அளவு என்பது
நேரத்தை ஓட்டத்தால் பெருக்கியது,
அவ்வளவுதான்.
யார் பேசினார், யார் மூச்சு வாங்கினார்
அந்தப் பெருக்கலுக்குள் வராது.
இது உறைக்க மூன்று வட்டுகள் பாழ்.
இப்போது காப்பிக் கோப்பைக்கு அடியில் கிடக்கின்றன.

நாலாவதில் ஒலியைத் தொட்டேன்.
சுருக்காமல் விட்டிருந்தேன்,
நாலில் ஒரு பங்கைத் தின்றுகொண்டிருந்தது,
பாதியும் காற்று மைக்கை அறைந்த சத்தம்.

பிறகு இருமுறை ஓட்டம்.
முதல் முறை இயந்திரம் எதையும் எழுதுவதில்லை.
இரவு முழுக்கப் பார்க்கிறது.
எங்கே தண்ணீர், எங்கே சுவர் என்று
குறித்துக்கொள்கிறது.
இரண்டாம் முறைதான்
உழக்குக்குள்ளே கிழக்கு மேற்கு பார்த்து
திரைச்சீலையிடம் பிடுங்கி
அலைக்குக் கொடுக்கிறது.
காலையில் நாலு புள்ளி மூன்று.
கடல் கடலாக இருந்தது.

"என் உரையை வெட்டினாயா?"
"ஒரு சொல்கூட இல்லை.
அசையாமல் நின்றீர்கள், உங்களுக்குக் கொஞ்சமே போதும்."
புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு போனார்.

மீனின் குடலுக்கு ஒரு வாளி உண்டு,
வாளிக்குக் காத்திருக்கும் கடற்காகம் உண்டு.
பதினாறு சொச்சம் ஜிகாபைட் எங்கே கொட்டப்பட்டது?
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு
ஒரு மாலை முழுக்கத் தேடினேன்.
திரைச்சீலை மடிப்பில் சற்று மங்கல்.
வேறெதுவும் அகப்படவில்லை.

மென்பொருள் ஒரு கோட்டுப்படமும் வரைந்திருந்தது.
உரை நெடுக வயல்வெளி,
பிறகு மலைகள், அவற்றுக்கு நடுவே
ஒற்றை ஊசி, எல்லாவற்றையும்விட உயரமாய்.
எல்லைக்கோடாக இருக்கும், ஆரவாரம்,
என்று அந்த இடத்தைத் திறந்தேன்.
மூன்றாம் நிமிடம். நாலாவது இருக்கை.
என் மகளின் துடுப்பு வழுக்கி
நீருக்குள் சிக்கி
ஆளுயரத்துக்குத் தண்ணீர் எழுந்த கணம்.
எங்கள் படகு ஐந்தாவதாக வந்தது.

மூடுவதற்குள் ரன்வா பின்னால் நின்றிருந்தாள்.
"அது எவ்வளவு?" என்றாள்.
"நொடிக்கு ஒன்பது மெகாபிட்."
"யுஸ்டினுஸுக்கு?"
"மூன்றரை."
ஒரு நிமிடம் அந்த ஊசியையே பார்த்துவிட்டு
ஃபிரிட்ஜிலிருந்து பாலை எடுத்து
அட்டையோடு குடித்தாள்,
கூடாது என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.