குறிப்பு: உவா

கடலூர் முதுநகர், துறைமுக அலுவலகம்.
உப்பனாறு கடலைத் தொடும் இடத்தில்
தூணில் அறைந்த அளவுகோல்தான்
எனக்குக் கீழே பணிபுரியும் ஒரே ஆள்.
சிப்பி ஒட்டிய எண்களை
பிளேடால் சுரண்டுவதும் என் வேலை.

பதினான்காம் பக்கத்தில், இரவு எட்டரை:
ஒரு மீட்டர் பன்னிரண்டு.
இருபத்தொன்பதாம் பக்கத்திலும்
ஒரு மீட்டர் பன்னிரண்டு.
முதல் இரவு, எதிர்க்கரைப் படகுகளின்
பெயரைப் படிக்க முடிந்தது, அவ்வளவு நிலா.
இரண்டாம் இரவு டார்ச் அணைந்துபோய்
தீக்குச்சி கிழித்துத்தான் அளவு பார்த்தேன்.

'குறிப்பு' என்ற கட்டத்தில்
இரண்டுக்கும் ஒரே சொல் எழுதினேன்:
உவா.

மேலதிகாரி சிவப்பு மையில் கேட்டிருந்தார்:
எது? முழுநிலவா, நிலவே இல்லையா?

நிகண்டிலும் அப்படித்தான் கிடக்கிறது.
முழுநிலா நாள், நிலவில்லாத நாள்,
நடுவில் எப்படியோ வந்து நிற்கிற ஒரு யானை.
வெள்ளுவா, காருவா என்று
யாரோ நிறம் பூசிப் பிரித்திருக்கிறார்கள்.
வேர் எனக்குத் தெரியாது. ஊகம் உண்டு:
முதலில் சொன்னவள் மேலே பார்க்கவில்லை.
முழங்காலில் இருந்த தண்ணீர்
இடுப்புக்கு ஏறியதும் சொல்லியிருப்பாள்.

இருசப்பன் ஒத்துக்கொள்ளவில்லை.
"தண்ணிக்கு ஒண்ணுதான் மேடம், வலைக்கு?
வெளிச்சத்துல மீனு நூலைப் பாத்துடும்.
இருட்டுதான் எங்களுக்குச் சோறு."
சரிதான். அவனுக்கு இரண்டு சொல் வேண்டும்.

அமாவாசை வடசொல்.
சேர்ந்து குடியிருத்தல் என்று பொருளாம்,
சூரியனும் சந்திரனும் ஒரே வீட்டில்.
என் வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் இரவு ஷிப்ட்.
அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது
நான் என் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன்.
ஒரே பாலை இரண்டு முறை சுடவைக்கிறோம்.
சேர்ந்திருக்கும் நாளில்தான்
முகம் தெரியாமல் போகும் என்று
அந்தச் சொல்லைச் செய்தவருக்கு
யார் போய்ச் சொன்னது?

சிவப்பு மைக்குக் கீழே நீலத்தில் எழுதினேன்:
அய்யா, அளவுகோல் அதைச் சொல்லவில்லை.

இன்று பஞ்சமி. தொண்ணூற்று நான்கு.
கட்டம் காலி.
பிளேடு துருப்பிடித்துவிட்டது,
புதிது கேட்டு எழுத வேண்டும்.