எடைச்சீட்டில் பழைய தேதி

காற்று மாதத்தில்
புளியரையில் கரண்டு போய்ப் போய் வரும்.
போகும் ஒவ்வொரு தடவையும்
எங்கள் எடைமேடைக் கம்ப்யூட்டர்
2002 ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் போய்
உட்கார்ந்துகொள்ளும்.

நாற்காலியைத் துடைத்ததும்
இன்று என்ன தேதி என்று
அதற்கு நான் சொல்ல வேண்டும்.
சொல்லாவிட்டால்
வரிப் பக்கம் திறக்காது.
உன் கடிகாரம் பின்னால் இருக்கிறது என்னும்.
சொன்னாலும் திறக்காது, அது வேறு கதை.

உள்ளே பொத்தான் பேட்டரி செத்துப்போச்சு என்றான்
செங்கோட்டை அரபாத்.
முப்பது ரூபாய். போட்டான். ரெண்டு மாதம் நின்றது.
'போர்டே கரண்டு கசியுதுக்கா.
தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கச் சொல்லுங்க
மசூது அண்ணன்ட்ட.'

மசூது அண்ணன் கஞ்சன் இல்லை.
ஆனால் மேடைக்கு அடியிலிருந்து வரும் வயருக்கு
ஒன்பது முள் வேண்டும்,
புதுப் பெட்டிகளில் அந்த ஒன்பதுக்கு இடமில்லை.
எடை போடும் மென்பொருளுக்கு ஒரு பூட்டு வேறு,
பெட்டியின் முதுகில் சொருகிய
கட்டைவிரல் அளவுப் பச்சைப் பிளாஸ்டிக்.
அதைத் தந்த கோயமுத்தூர் கம்பெனியின் நம்பரில்
இப்போது ஒரு பல் டாக்டர் எடுக்கிறார்.

நாற்பது டன்னைத் தாங்கத் தெரியும்,
நாலு வரி பில்லை ஏற்றத் தெரியாது.
இப்படியே ஒரு வருஷம்.

ஒரு சாயங்காலம் அரபாத் பென் டிரைவோடு வந்தான்.
யாரோ எங்கேயோ
சம்பளமில்லாமல் உட்கார்ந்து
புது பிரவுசரைப் பிரித்துப்
பழசுக்குப் பொருந்தத் தைத்திருக்கிறார்களாம்.
பிள்ளை பிறந்த பிறகு
கல்யாண ரவிக்கையை நான் பிரித்த மாதிரி:
உள்மடிப்பில் விட்டிருந்த துணி
அடர்ந்த நிறமாய் வெளியே வரும்,
பழைய தையலின் ஓட்டைகள் வரிசையாய்த் தெரியும்,
கையைத் தூக்கினால் பிடிக்கும்.
ஆனால் போட்டுக்கொண்டு போகலாம்.

பதினோரு நிமிடம் ஏறியது.
உள் விசிறி மேட்டில் ஏறும் டாரஸ் போல இரைந்தது.
பக்கத் தகட்டைக் கழற்றி
மேஜை ஃபேனை அதன் வயிற்றுக்குத் திருப்பினான்.
பல்லி முட்டைத் தோடு இரண்டு பறந்து வந்தது.
பக்கம் திறந்தது.
தமிழ் வர வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டம்.
இருக்கட்டும்,
வரி ஆபீஸ் எனக்குத் தமிழில் எழுதியதே இல்லை.

ஆடி மூணு ராத்திரி
எஸ் வளைவில் மரம் சாய்ந்து
கரண்டு நாலு தடவை போனது.
மேடையில் புனலூர் தங்கச்சன், எம் சாண்டு.
அவனுக்குப் பின்னால் பதினெட்டு வண்டி.
மழை. ஹாரன்.
தேதி சொல்ல மறந்துவிட்டேன்.

ஆரியங்காவிலிருந்து போன்:
'சேச்சி, உங்க சீட்டுப்படி
இந்த மணலை ரெண்டாயிரத்தி ரெண்டுல
ஏத்தின ஆளு நான்.
இங்க சாருக்குச் சிரிப்பு வரல்ல.'

வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு
யாருடைய பைக்கிலோ நனைந்துகொண்டு வந்தான்.
புதுச் சீட்டு அடித்துக் கொடுத்தேன்.
38,460. எடை அதேதான்.
பழசைக் கிழிக்கக் கை நீட்டினால்
தரவில்லை.
நாலாய் மடித்துப் பையில் வைத்தான்.
'அந்தத் தேதியில எனக்கு லோன் இல்ல.'
லைசென்ஸும் இல்ல என்றேன்.
மழைக்கோட்டுக்குள் சிரித்தபடி போனான்.

விடியும்போது, வண்டிகள் ஓய்ந்தபின்,
அலமாரியில் இந்தப் பெட்டியின் பில்லைத் தேடி எடுத்தேன்.
வாங்கியது 2006.
அந்த ஜனவரியில் அதுவும் இல்லை.
தனக்கு இடமே இல்லாத ஒரு நாளுக்கு
ஒவ்வொரு தடவையும்
எப்படி இவ்வளவு சரியாகப் போகிறது?

திரும்பவும் கரண்டு போய் வந்தது.
திரையில் அதே பச்சை மேடு, வெயில்.
ஜன்னலுக்கு வெளியே மலை தெரியவில்லை.
மாதத்தை முதலில் கேட்கும் அது,
நான் எப்போதும் நாளை முதலில் அடிப்பேன்.
இருபது என்று அடித்தேன்.
அப்படி ஒரு மாதம் இல்லை என்றது.