நான்கு துளைகளில் மூன்று

ஜனவரியில், கெய்ரோ ஊருக்குக் கீழே,
ஒஹாயோ ஆறு மிசிசிப்பியில் கலக்க மனமில்லாமல்
பச்சையும் பழுப்புமாய் ஒட்டி ஓடும் இடத்தில்
எழுந்து வாய் கொப்பளித்தேன்.
தண்ணீர் வலதுபக்கமாய் வழிந்து
சட்டைக்குள் போயிற்று.

கண்ணாடியில் பாதி லவோன்.
மீதிப் பாதி
குடியிருந்தவர்கள் சொல்லாமல் காலி செய்த வீடு.

பக்கவாதமில்லை என்றார் மெம்பிஸ் டாக்டர்.
முகத்து நரம்பு ஒன்று வீங்கியிருக்கிறது,
மூன்று மாதம், ஆறு மாதம், சொல்வதற்கில்லை.
ராத்திரி வலது கண்ணை
பிளாஸ்டர் ஒட்டி மூடிக்கொள்.
நரம்பில்லாத நாக்கு என்று யார் சொன்னது?
இருந்தது. இல்லாமல் போனபோது தெரிந்தது.

சோயா ஏற்றிய பதினைந்து மிதவைகளைத்
தள்ளிக்கொண்டு போகும் படகில் சமையல்காரி நான்.
ஒன்பது பேருக்கு மூன்று வேளை.
நாக்கில் ஒரு பாதி செத்துப்போக
மறு பாதி மட்டும் உப்புப் பார்த்தது.
பீன்ஸ் கரிக்கிறது என்று
டிவிட் தட்டைத் தள்ளினான்.
மறுநாள் சப்பென்று இருக்கிறது என்று
அதே தட்டைத் தள்ளினான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.
மவுத் ஆர்கனைத்தான் பொறுக்க முடியவில்லை.
இருபது வருஷம்
விசிலடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்து
ஒரு துளை, ஒரு சுரம் என்று
ப்ளூஸ் வாசித்தவள்.
இப்போது குவித்தால் உதடு பாதி வழியில் நின்றுவிடும்.
பஞ்சரான டயர்போல் வெறும் காற்று.

என்ஜின் அறைக் கிட்ரி
காதடைப்பைக் கழற்றாமலே கத்தினான்:
“குவிக்காதே! நாலு துளையைக் கவ்வு,
மூணை நாக்கால மூடு!”
அவனுக்கு வாசிக்கத் தெரியாது.
யாரோ வாசித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான்.
காபியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டான்.

மூடினேன். எச்சில்.
மூடினேன். நான்கும் சேர்ந்து
கன்றுக்குட்டியாய்க் கத்தின.
ஒழுங்காக மூடிய அன்று
திறந்திருந்த நாலாவது துளை
வலது ஓரத்தில், வாங்க ஆளில்லாத வாசலில் நின்றது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை,
சோளக்கஞ்சி பொங்காமலிருக்க
மூடியைச் சற்றே நகர்த்தி வைத்தேன்.
ஆவி இடது ஓரமாய்
ஒற்றை நூலாய்ப் போனது.
பார்த்துக்கொண்டே நின்றதில் கஞ்சி அடிப்பிடித்தது.

மவுத் ஆர்கனைத் தலைகீழாய்ப் பிடித்தேன்.
அதன் எண்கள் தரையைப் பார்த்தன.
தாழ்ந்த மூன்றும் வலது பக்கம் வந்து
நாக்குக்குக் கீழே படுத்தன.
செத்த உதட்டோரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து
இழுத்தேன்.

நாலாம் துளை.
தனியாக.
ஏதோ ஒரு பிசிறு. இருக்கட்டும்.

குவித்த வாய்க்கு இது தெரியாது.
பக்கத்துத் துளைகளில் இடித்துவிடாமல்
ஒதுங்கி ஒதுங்கிப் போன வாய் அது.
இப்போது நான்கும் வாய்க்குள்ளேயே இருக்கின்றன,
மூன்றைப் பேசவிடாமல் வைத்திருக்கிறேன்,
அவ்வளவுதான்.
நாக்கை எடுத்தால் மூன்றும் எழுந்து வருகின்றன,
கதவுக்குப் பின்னால் காத்திருந்தவர்கள்போல.
வைத்தால் டப்பென்று அடி.
எடு, வை, எடு, வை,
கீழே டீசல் என்ஜினும்
அதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது
இத்தனை வருஷமாய்.

சுரத்தை வளைக்க இன்னும் வரவில்லை.
நாக்கு மூன்றின்மேல் கிடக்கும்போது
அதன் பின்பாதி மட்டும் தாழ வேண்டுமாம்.
வேண்டுமாம்!

ஏப்ரலில் ஹெலீனா பாலத்தைத் தாண்டியபோது
டிவிட் தட்டை ரொட்டியால் துடைத்துத் தின்றான்.
ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி பின்தளத்தில்
வாசித்துக்கொண்டிருந்தேன்.
நாக்கின் வலது ஓரத்தில் ஏதோ புளித்தது.
பித்தளை.
அப்புறம் மதியம் நறுக்கிய வெங்காயம்.

பாட்டை நிறுத்திவிட்டு
துளைகளை ஒவ்வொன்றாய் நக்கிக்கொண்டிருந்தேன்.
கிட்ரி ஏணியில் பாதி ஏறி வந்து பார்த்தான்.
பார்த்துவிட்டு
இறங்கிப் போனான்.