நாலு நொடி இடம்

பயமா இருக்கணும், ஆனா
ஒரு பிள்ளையும் அழக்கூடாது
என்றார் தாளாளர்.
டெக்சாசிலிருந்து வந்திருக்கும் மருமகளின் யோசனை.
அக்டோபர் முப்பத்தொன்று, மாலை நாலரை.
பரங்கிக்காய் ஏழு வாங்கியாயிற்று,
கண் மூக்கு வெட்டத் தச்சர் வருகிறார்.
பேய்ப்பாட்டு மட்டும் என் பொறுப்பு.

கோமதி சவுண்ட் சர்வீஸ், நீடாமங்கலம்.
காதுகுத்து, கட்சிக்கூட்டம், கருமாதி
எல்லாவற்றுக்கும் ரசீது கிழித்திருக்கிறேன்.
ஹாலோவீன் என்று எழுதத்தான்
இரண்டு தாள் வீணாயிற்று.

ஐப்பசி அடைமழை. கரண்ட் போய்ப் போய் வந்தது.
இணையத்தில் கிடைத்தவை
ஓநாய், துருப்பிடித்த கதவு,
கோட்டைக்குள் எவனோ ஒரு சீமைக்காரன் சிரிப்பு.
ஓநாய்க்கு இங்கே யார் பயப்படுவார்?
ரேஷன் கார்டு இல்லாத மிருகம்.
கூத்தாநல்லூர் நிஜாமுதீன்,
என்னிடம் ஒயர் இழுக்கிற பையன், கேட்டான்:
கொலுசு இல்லாமப் பேயாக்கா?
இட்லிக்கடை மலர்விழியைக் கூப்பிட்டு
கோடவுனுக்குள் பத்துத் தரம் நடக்கவிட்டோம்.
ஒன்பதாவது தரம் மேலே பல்லி விழுந்து அலறினாள்.
அந்த அலறலையும் வைத்துக்கொண்டோம்.

பிறகு நானே போனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.
மூணாறு தலைப்பில் ஷட்டர் ஏறும் முனகல்.
ரயில்வே கேட்டில், கூட்ஸ் வராமலே
இருபது நிமிடம் அடிக்கிற மணி.
நெல் கிடங்கில் தார்ப்பாய் தன்னையே அறைந்துகொள்வது.
கோரையாற்றங்கரையில் தவளைகள்.
கத்தல் இல்லை எனக்கு வேண்டியது.
அத்தனையும் ஒரே சமயத்தில் வாயை மூடுமே,
அந்த இரண்டு நொடி.
நிஜாம் அதை வெட்டிவிட்டான்,
ஒண்ணுமே பதிவாகலையேக்கா என்று.

புயல் ராத்திரியில் பிடித்ததும் ஒன்று இருக்கிறது.
ஒன்பது நிமிடம். சேர்க்கவில்லை.
தாளாளருக்கு அன்று அறுநூறு தென்னை.

நாலரைக்கு, விளக்கணைத்த கூடத்தில்
விபூதியும் குங்குமமும் அப்பிய முகங்கள்.
ஓநாய் ஊளையிட்டது.
மூன்றாம் வகுப்பு முழுக்கத் திருப்பி ஊளையிட்டது.
கொலுசுக்கு ஆடினார்கள்.
மலர்விழியின் அலறலுக்கு ஒன்ஸ்மோர்.
ஷட்டர் முனகியபோது
எலும்புக்கூடு உடுப்பில் ஒரு பொடியன் எழுந்து
டேய், தண்ணி தொறந்துட்டாங்கடா! என்றான்.
கைதட்டல்.

பத்து முடிந்தது. நிறுத்தப் போனேன்.
பென்டிரைவ் பதினொன்றுக்குத் தாவிவிட்டது.
என் குரல்.
ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்…
ஆட்டோவில் போட ஒரே தடவை பேசிவைத்தது.
அடுத்து நாலு நொடி வெறும் இரைச்சல்,
அன்றன்றைக்கு யாரோ அவர் பெயரை
மைக்கில் சொல்லிக்கொள்வதற்கு.

ஒயரைத் தேடி இருட்டில் கை துழாவுகிறது.
கூடத்தில் மூச்சில்லை.
தவளைகள் இப்படித்தான் நிறுத்தும்.
கடைசி வரிசையிலிருந்து ஒருவன்:
வில்வநாதன் சார்!
உடனே என் குரல்:
அவர்கள் இன்று அதிகாலை…

கூரை பிய்ந்துபோகிற சிரிப்பு.
கணக்கு வாத்தியாரும் சிரித்தார்,
எல்லாரையும்விடச் சத்தமாக.

ஸ்பீக்கர் ஏற்றும்போது மழை விட்டிருக்கவில்லை.
சைக்கிள் ஸ்டாண்டு பக்கம்
குடையில்லாமல் நின்றவர் வந்தார்.
நல்லா இருந்துச்சு ப்ரோகிராம் என்றார்.
பெட்டியை ஒரு கை பிடித்தார்.
பரங்கிக்காய் ஒண்ணு மிச்சம், வேணுமா என்றார்.
அப்புறம் செருப்பைப் பார்த்துக்கொண்டு,
அந்தப் பதினொண்ணை
அழிச்சிட முடியுமாங்க.

அவர் பார்க்க அழித்தேன்.
கடையில் இன்னொரு நகல் இருப்பதை,
நாளைக் காலை பூவனூரில் அது வேண்டியிருப்பதைச்
சொல்லவில்லை.