நாலாவது கால்

மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் போகும் சாலையில்
நீர்மூழ்கி மோட்டார் செய்கிறோம்.
என் வேலை மோட்டார் செய்வதல்ல.
செய்கிறவர்களைச் சேர்ப்பது, தக்கவைப்பது,
போனால் பதிலுக்கு ஆள் பிடிப்பது.
மேட்டூர் திறந்த வாரம்
ஷிஃப்டுக்கு ஒன்பது பேர் குறைவார்கள்.
நடவுக்கென்று விடுப்பில் தலைப்பு இல்லை.
'உடல்நலக் குறைவு' என்று எழுதிக்கொள்கிறேன்,
ஊரே ஒன்றாய்க் காய்ச்சலில் விழுந்ததுபோல.

வைண்டிங் பிரிவின் சுவரில் ஒரு பலகை.
பெயருக்கு எதிரே வட்டம்,
வட்டத்தில் நாலு கால்.
ஒன்று: பார்த்துக்கொண்டிருக்கிறார்.
இரண்டு: பக்கத்தில் ஆள் நின்றால் செய்வார்.
மூன்று: தனியாகச் செய்வார்.
நாலு: சொல்லித்தருவார்.
பச்சை மார்க்கர் எப்போதும் என் சட்டைப்பையில்.
ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்விட்ட ஃபர்சானாவை
எத்தனை முறை துடைத்தாலும்
வெளிச்சம் சாய்வாக விழும்போது படிக்க முடிகிறது.

செங்கமலவல்லிக்கு மூன்று கால் பச்சை.
நேர்காணலில் முன் அனுபவம் கேட்டேன்.
"கூத்தாநல்லூர்ல மூணு வீட்டுல பாத்திரம்" என்றாள்.
'இல்லை' என்று நிரப்பினேன்.
இன்றுவரை அவள் சுற்றிய ஸ்டேட்டர்
டெஸ்டிங்கிலிருந்து திரும்பி வந்ததில்லை.
வயர் துளைக்குள் நுழையும்போது
மூச்சை நிறுத்திக்கொள்வாள்.
விளிம்பில் ஒரு கீறல் பட்டால் போதும்,
இருநூறடி ஆழத்தில், எவர் வயலிலோ,
மோட்டார் தண்ணீர் குடித்துச் செத்துப்போகும்.

தணிக்கைக்கு ஆள் வருகிற வாரம்.
பிரிவுக்கு ஒரு நாலுகால் ஆளாவது வேண்டும்.
டீ இடைவேளையில் போய் நின்றேன்.
"நாலாவதையும் போட்டுரலாமா?"
டம்ளரை ஊதினாள்.
"போட்டா சம்பளம் ஏறுமா சார்?"
"பேர் ஏறும்."
"பேரு ஏற்கெனவே போர்டுலதான இருக்கு."
பிறகு, குரல் உயர்த்தாமல்,
"அந்த ஒடிசாப் பசங்க தப்பா சுத்துனா
ரிஜெக்ட் யாரு கணக்குல வரும்?"
பயிற்சி தருபவர் கணக்கில்.
விதிப்புத்தகம், ஆறாம் பக்கம். எழுதியவன் நான்.

அன்றிரவு ஷிஃப்ட் மாறும் இடைவெளியில்
நானே பச்சை அடித்தேன்.
கை நடுங்கவில்லை.
பதினொரு வருடம் இந்த வேலையில் இருந்தால்
நடுங்காது.

காலையில் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
மெஷின் துடைக்கும் பனியன் துணியைத்
தின்னரில் தொட்டு
அந்த ஒரு காலை மட்டும் துடைத்தாள்,
மற்ற மூன்றும் கலங்காமல், கோடு தாண்டாமல்.
அப்படி ஒரு கை.
தணிக்கையாளர் பலகையைக் காட்டியபோது
நான் வாய் திறக்குமுன்
"மூணுதான் சார்" என்றாள்.
குறை என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டேன்.
பயிற்றுநர் படி, மாதம் ஆயிரத்து இருநூறு.
பழகுபவர் பிழை, மூன்று மாதத்துக்கு
யார் கணக்கிலும் இல்லை.
'அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம்' என்று திரும்பியது.
குறை வரியை நகலெடுத்து
மேலே பின் பண்ணி மறுபடி அனுப்பினேன்.
ஐப்பசி அடைமழையில்
யார்டில் முழங்கால் தண்ணீர் நின்ற நாளில்
அறுநூறாகச் சுருங்கி, கையெழுத்தோடு வந்தது.
ஆறாம் பக்கத்தையும் அடித்திருந்தார்கள்.

தாளை இரண்டு முறை படித்தாள்.
"அறுநூறுக்கு சுசாந்த் ஒருத்தன்தான் வருவான் சார்.
மத்த ரெண்டு பேருக்குத் தனியா பேசுங்க."
கை நீட்டினாள்.
மார்க்கரைக் கொடுத்தேன்.
நாலாவது காலின் நடுவே கோடு கிழித்து
பாதியை மட்டும் நிரப்பி
மூடியை டக்கென்று அழுத்தித் திருப்பித் தந்தாள்.

படிவத்தில் பாதிக்கு எண் இல்லை.
மூன்றரை என்று
பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.