எட்டுக் கடல்மைல்

பித்தளைச் சட்டத்தில் கோடு கிழிப்பது என் வேலை.
ஒரு கோடு, ஒரு கடல்மைல்.
ஐந்தாவது சற்று நீளம், பத்தாவது இன்னும் நீளம்.
எண்களைத் தட்டிப் பதிப்பவள் பக்கத்து மேசை ஹனோரா;
அவள் கைக்கு ஏழு மட்டும் எப்போதும் சாயும்.

மொத்தம் மூன்று சட்டங்கள்.
ஒன்று டார்பிடோவின் வேகம்;
அது தொழிற்சாலைச் சீட்டிலேயே இருக்கும்.
ஒன்று கண் போகும் வழி.
மூன்றாவது எதிரியின் வேகம்.
அதை எதிரி சொல்லமாட்டான்.
கப்பல் மூக்கில் புரளும் நுரையைப் பார்த்து
யாரோ ஒரு பையன்
உத்தேசமாகச் சொல்லவேண்டும்.
மூன்றும் முக்கோணமாய்க் கூடினால் தீர்ந்தது.

நியூபோர்ட் துறையிலிருந்து கோட் ஐலண்டுக்குக்
காலை ஆறே முக்காலுக்குப் படகு.
அறுபது பெண்கள், அறுபது சாப்பாட்டு டப்பா,
டிக்கெட் கிழிக்க ஃபுர்ட்டாடோ.

மார்ச்சில் ஒருநாள்தான் கவனித்தேன்.
அலைதடுப்புச் சுவர்மேல் மாணவ மாலுமிகள்,
நடுவில் ஒரு முக்காலி,
அதன்மேல் வெயில் பட்டு என் பித்தளை.
கடலில் வேறு கப்பல் இல்லை.

கையசைத்தேன்.
ஒருவனும் திருப்பி அசைக்கவில்லை.
குழாய் எங்களைப் பார்க்கவும் இல்லை.
எங்களுக்கு முன்னால்
வெறும் தண்ணீரைப் பார்த்துக் காத்திருந்தது,
நாங்கள் இன்னும் போய்ச் சேராத இடத்தை.
வந்துவிடுவோம் என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை.

அப்போதுதான் ஐதா மெதெய்ரோஸின் தொப்பி பறந்தது.
போன வாரம் வாங்கியது, பாதிப் பணம் இன்னும் பாக்கி.
அவள் போட்ட கூச்சலில்
ஃபுர்ட்டாடோ மணியடித்துப் படகை நிறுத்தி
கொக்கிக் கம்பை நீட்டினார்.
அறுபது பேரும் ஒரே பக்கம் சாய்ந்தோம்.

சுவர்மேல் அதிகாரியின் கை உயர்ந்தது,
இறங்கியது.
தண்ணீர் தாண்டி வசவு கேட்டது;
ஏதோ ஒரு பையனுக்கு அன்று மதிப்பெண் போயிற்று.
நாங்கள் அங்கே இல்லை.
ஈரத் தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்தோம்.

பட்டறையில் எட்டாவது கோட்டில் கை நின்றது.
எங்கள் படகின் வேகம் அது.
மயிரிழை தள்ளிக் கிழித்தால் போதும்,
ஆயிரம் கெஜத்துக்கு அப்பால்
யாரோ சிலர் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள்.
எந்தக் கொடியின் கீழ் என்றுதான் தெரியாது.

மேற்பார்வையாளர் பூதக்கண்ணாடியோடு வந்தார்.
நேராகத்தான் கிழித்தேன்.
கோட்டுக்கு இவ்வளவு என்று கூலி.

மறுநாள் எல்லாத் தொப்பியிலும் நீள ஊசி குத்தியிருந்தது.
காற்று இல்லை.
படகு எட்டில் போனது.