கேட்பது

நாலு பத்துக்குப்
பேரின்பம் பின்னோக்கி வருகிறது.
முதலில் மீன் வெடுக்கு.
பிறகு லொறியின் பீங் பீங்.
பிறகு என் யன்னல் சீலையில்
சிவப்பு வெளிச்சம் ஏறி இறங்குகிறது.

பேரின்பராசா. பக்கத்து வளவு.
களுவாஞ்சிகுடியிலிருந்து பதுளைக்கு
ஐஸ்பெட்டியில் பாரையும் சூடையும் ஏற்றுகிறவர்.
அவருடைய ஒழுங்கையில் லொறி திரும்பாது.
என் பாதையில் திரும்பும்.
ஒருநாளும் கேட்கவில்லை.

பாதை என்றால், அது எனக்குத்தான்.
பன்னிரண்டு அடி அகலம், அறுபது நீளம்,
அம்மா சீதனமாய் எழுதின உறுதியில் இருக்கிறது.
மதில் கட்டி வரக் காசு பாதியில் முடிந்தது,
முடிந்த இடத்திலேயே கேற்றை நட்டோம்.
அதற்கு வெளியே கிடப்பது
ஆருமில்லாத நிலம் போல் தெரிகிறதாக்கும்.

கடன் எடுத்துக் கொங்கிறீற் போட்டேன்.
மூன்றாம் நாள், உள் ஈரம் காய முதல்,
பின்சக்கரம் இரண்டு வரி எழுதிவிட்டுப் போனது.
மாரியில் அதற்குள் தண்ணீர் நிற்கும்.
காகம் குளிக்கும்.
இன்னும் பதினொரு தவணை இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நான் மருந்து கொடுக்கிறவள்.
கம்பிக்குப் பின்னால் நின்று
முந்நூறு பேருக்குக் கத்துகிறேன்:
இது சாப்பாட்டுக்கு முன்,
வெள்ளைக் குளிசை இரவைக்கு அரை,
அரை என்றால் அரை.
ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை.
இந்த ஒரு மனிசனுக்கு முன்னால்
நாக்குப் புரளவில்லை.

ஸ்கூட்டியில் போகும்போது சொல்லிப் பார்ப்பேன்.
‘அண்ணன், ஒரு சின்ன விசயம்.’
சின்ன விசயமா?
‘இது பொதுப்பாதை இல்ல.’
பொலிஸ்காரி மாதிரி இருக்கிறது.
‘ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே.’
இதைச் சொன்னால் அழுதுவிடுவேன் போல.

கிராம சேவகரிடம் போகலாம்.
அவர் அவர்களுக்கு மச்சான் முறை.
எனக்கும்தான்.

ஒருநாள் குரோட்டன் சாடியை நடுவில் வைத்தேன்.
காலையில் அது மதிலோரம்,
ஓர் இலை முறியாமல், நிமிர்ந்தபடி.
மறுநாள் இரண்டு சாடி.
இரண்டும் மதிலோரம்.
மண் நனைந்திருந்தது.

சில பின்னேரம் அவருடைய பெண்சாதி வனோஜா
கேற்றில் ஒரு பையைக் கொழுவிவிட்டுப் போவாள்.
சூடை. சில நேரம் கீரி.
வாடகையா?
எடுத்தால் சம்மதம் என்றாகும்.
எடுக்காவிட்டால் பூனைக்கு.
எடுத்தேன். பொரித்தேன்.
முள்ளை எடுத்து வைக்கும்போதும்
கோபமாகத்தான் இருந்தேன்.

மாசியில் ஒரு ஞாயிறு.
கேற்றடியில் அவர், சாரத்தை இறக்கிவிட்டபடி.
‘தங்கச்சி, ஒண்டு கேக்கணும்.
கோவிக்கப்படா.’

வந்துவிட்டது.
நாலு வருசம் சேர்த்து வைத்த பெருந்தன்மையை
நெஞ்சுக்குள் விரித்துப் போட்டேன்.
அதுக்கென்ன அண்ணன், என்று சொல்வேன்.
ஆனால் ஒரு மூச்சு விட்டுத்தான் சொல்வேன்.

‘உங்கட கேற் தங்கச்சி,
விடிய அஞ்சரைக்கு நீங்க துறக்கக்குள்ள
கிரீச்செண்டு கத்துது.
எங்கட சின்னவனுக்கு மூணு மாசம்.
முழிச்சானெண்டா பிறகு உறங்கான்.
கொஞ்சம் கிறீஸ் போடட்டா?’

லொறிச் சத்தத்துக்கு எழும்புவதில்லையாம்.
அது வயிற்றுக்குள்ளேயே கேட்டுப் பழகினதாம்.

‘போடுங்க’ என்றேன்.
வேறு என்ன சொல்வது.
மூன்று பிணைச்சலுக்கும் விரலால் பூசினார்.
நான் கேட்காத தாழ்ப்பாளுக்கும்.
கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு
சாடியில் பழுத்திருந்த ஓர் இலையைக்
கிள்ளிப் போட்டுவிட்டுப் போனார்.

இப்போது என் கேற்
பாய் விரிக்கிற மாதிரித் திறக்கிறது.
நான் வெளிக்கிடுவது
என் காதுக்கே எட்டுவதில்லை.

நாலு பத்து.
முழித்துக் கிடக்கிறேன்.
பக்கத்து வீட்டில் பிள்ளை உறங்குகிறது.
சீலையில் சிவப்பு ஏறுகிறது.
அவர் கேட்கவில்லை.
எனக்குக் கேட்கிறது.